நாளுக்கு இத்தனை பக்கம்

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரொல்லோப், தம் வீட்டுக் குதிரைலாயத்துக் கிழவர் ஒருவருக்கு வழக்கமான சம்பளத்துக்குமேல் வருஷத்துக்கு 5 பவுன் தனியாகக் கொடுத்துவந்தார். விடியற்காலையில் எஜமானரைத் தாட்சண்யமின்றி எழுப்பிவிடுவதுதான் அந்தப் பணத்துக்கு உரிய வேலை. ஏறக்குறைய 33 வருஷம் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்த டிரொல்லோப்புக்குப் பகற்பொழுது சர்க்காருக்குச் சொந்தமாகிவிட்டபடியால், 5.30 மணிக்கு மேஜைமுன் அமர்ந்து, முதல் அரைமணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படித்துப் பார்த்து, பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதி, காலைப் போஜனத்துக்கு உடை மாற்றும் வேளைக்குள் அன்றைய இலக்கியப் பணியை முடித்துவிடுவது அவருடைய நியமமாயிற்று. ரயிலில் பிரயாணம் செய்யும்போதும் சிறு பலகை ஒன்றை வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதுவார். அதைப் பிரதி எடுப்பது மனைவியின் பொறுப்பு.

இவ்வளவையும்விட விசேஷமானது அவர் வைத்திருந்த கணக்கு. புதிய நாவல் ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம் வாரவாரியாகப் பிரித்த நாட்குறிப்பு ஒன்றைத் தயார் செய்துகொண்டு, அன்றன்று எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையை அதில் பதிந்துவந்தார். பக்கம் என்றால் 250 வார்த்தை. பெருக்கி எழுதிச் சிறிது ஏமாற்றலாமே என்ற சபலத்துக்கு இடமின்றி வார்த்தைகளையும் எண்ணினார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். 20 பக்கத்துக்கு இறங்கிய வாரங்களும் உண்டு, 112 பக்கத்துக்கு ஏறிய வாரமும் உண்டு. ஓரிரண்டு நாள் சோம்பி இருந்தால் அந்த வெற்றிடம் தாளிலிருந்து அவரையே உற்றுப் பார்க்கும். இறந்த மறுவருஷம், 1883-இல் வெளியான சுயசரிதையில் இந்த ரகசியங்களையெல்லாம் அவர் கூசாமல் சொல்லியிருந்ததைப் படித்து, கலைமகளைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டாரே என்று முகம் சுளித்த ரசிகர்கள் உண்டு. 47 நாவல்களை எழுதி முடித்த மனிதருக்கு அந்தச் சுளிப்பால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அவருக்கு நூறாண்டுக்கு முன்பே, அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினும் கணக்குப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். நிதானம், மௌனம், ஒழுங்கு, சிக்கனம் முதலாகப் பதின்மூன்று குணங்களைத் தேர்ந்து, பக்கத்துக்கு ஏழு கிழமை என்று சிவப்பு மையால் கட்டங்கள் போட்டு, வாரத்துக்கு ஒரு குணத்தைச் சிறப்பாகக் கவனிப்பது என்று சங்கல்பம் செய்துகொண்டார். அந்தக் குணத்தில் தவறும்போதெல்லாம் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டதனால் தந்தத் தகடுகளாலான குறிப்பேட்டுக்கு மாறி, ஈரப் பஞ்சால் குற்றங்களைத் துடைத்துக்கொண்டார் என்பதைப் படிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடிவதில்லை. ஒழுங்கு என்ற குணந்தான் அவரை மிகவும் படுத்தியது. நாளடைவில் வருஷத்துக்கு ஒரு சுற்று, பிறகு சில வருஷங்களுக்கு ஒரு சுற்று என்று குறைந்து, முடிவில் பரீட்சை அடியோடு நின்றுவிட்டது. புத்தகத்தை மட்டும் உடன் கொண்டு திரிந்தார்.

பிராங்க்ளினுக்கு வைராக்கியம் குறைவென்று யாரும் சொல்லமாட்டார்கள். எனினும், அவர் கட்டத்தில் விழுந்தது பிழை. டிரொல்லோப்பின் ஏட்டில் விழுந்தது செய்து முடித்த வேலை. ஒழுங்கு என்பது இன்ன மணிக்குத் தொடங்கி இன்ன மணிக்கு முடிகிற காரியமன்று. பத்துப் பக்கம் என்பதோ முடிந்ததா இல்லையா என்று குழந்தைகூடச் சொல்லக்கூடிய காரியம். இந்த வித்தியாசம் அற்பமானதன்று என்பதை 1981-இல் ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் என்ற மனோதத்துவ நிபுணர்கள், கழித்தல் கணக்கில் பின்தங்கியும் கணக்கென்றாலே வெறுத்தும் இருந்த சிறுவர்களைக்கொண்டு பரிசோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே 42 பக்கப் பாடம், ஏழு அமர்வுகள். ஒரு பிரிவினருக்கு அமர்வுக்கு 6 பக்கம் என்ற இலக்கு. மற்றொரு பிரிவினருக்கு ஏழாம் அமர்வுக்குள் 42 பக்கமும் என்ற இலக்கு. இன்னொரு பிரிவினருக்கு இலக்கே இல்லை. ஆறாறு பக்கமாகப் போன பிள்ளைகள் கணக்கைக் கற்றதோடு, தம்மால் முடியும் என்ற நம்பிக்கையையும், அதைவிட ஆச்சரியமாகக் கணக்கில் ருசியையும் பெற்றார்கள். 42 பக்கத்தைத் தொலைவில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கோ, இலக்கே இல்லாதவர்களைவிடப் பெரிதாக எந்த லாபமும் இல்லை.

எத்தனை நாளில் ஒரு செயல் வழக்கமாக ஊன்றும் என்ற கேள்விக்கு 21 நாள் என்ற பதில் உலகமெங்கும் உலவுகிறது. முகச் சிகிச்சை நிபுணரான மாக்ஸ்வெல் மால்ட்ஸ், தம் நோயாளிகளுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் ஒரு நூலில் எழுதினார். ‘குறைந்தது’ என்பதை உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து நடத்திய ஆராய்ச்சி 2010-ஆம் வருஷத்து இதழில் அச்சேறியது. மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் கால்மணி ஓட்டம் என்று ஒவ்வொருவரும் ஒரே ஒரு செயலை, தினமும் தவறாமல் நேரும் ஒரு சந்தர்ப்பத்தோடு முடிந்துகொண்டார்கள். யோசனையில்லாமல் தானாகவே நடைபெறும் நிலையை எட்ட, வளர்ச்சி சீராக அமைந்தவர்களுக்கு நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. கணித மதிப்பீட்டின்படி ஒருவருக்கு 18 நாள், மற்றொருவருக்கு 254 நாள். முதல் சில வாரங்களில் விரைவாக ஏறும் பழக்கம் பிறகு மெள்ள மெள்ளச் சமமாகிவிடுகிறது. இடையே ஒருநாள் தவறினால் பாழாய்ப்போயிற்று என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. ஒரு தவறுதலால் குறிப்பிடத்தக்க சேதம் விளையவில்லை. ஒருநாள் விட்டதும் அதுவரை சேர்த்த எண்ணிக்கையையெல்லாம் பூஜ்யமாக்கிக் காட்டும் கைப்பேசிச் செயலிகளை இயற்றியவர்கள் இந்தப் பகுதியைப் படிக்கவில்லை போலும்.

மண்டைக்குள் நிகழும் மாறுதலும் சிறிது தெரிந்திருக்கிறது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஆன் கிரேபியல், கிளைவிட்ட பாதையில் எலிகளை ஓடவிட்டு, மூளையின் ஆழத்தில் ஸ்டிரையேட்டம் என்னும் பகுதியிலுள்ள நரம்பணுக்களை உற்றுக் கேட்டார். பாதை புதிதாயிருந்தபோது ஓட்டம் முழுவதும் பரபரத்த அவ்வணுக்கள், பழகிய பிறகு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே ஓங்கி ஒலித்தன. ஒரு முழுச் செயல்தொடர், தொடக்கக் குறியைக் கண்டதும் அவிழும் ஒற்றை மூட்டையாகக் கட்டப்பட்டுவிடுகிறது என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அந்தத் தொடக்கக் குறி நாளுக்கு நாள் மாறினால் மூட்டை எப்படிக் கட்டப்படும்? ஒரே வேளை, ஒரே மேஜை என்ற பிடிவாதத்தின் பயன் இங்கேதான் தெரிகிறது.

எண்ணைக் குறிப்பதிலும் ஒரு விபரீதம் உண்டு. 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி, 10,000 என்ற எண்ணைத் தன் பெயரிலேயே தாங்கிய அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றுமுதல் அந்த எண் உலகத்தார் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கருவியால் நன்மை இல்லாமலில்லை: 2007-இல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதை இடுப்பில் அணிந்தவர்கள் நாளுக்கு 2,000 அடிக்குமேல் கூடுதலாக நடந்தது தெரியவந்தது, இலக்கு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆனால் இலக்கு 10,000-ஆகத்தான் இருக்கவேண்டுமா? ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ, சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவில், சுமார் 2,700 அடி நடப்பவர்களைவிடச் சுமார் 4,400 அடி நடப்பவர்களிடம் மரண விகிதம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்குமேல் அதிகப்படியான பயன் தென்படவில்லை. ஆகையால், 2,700 அடி நடந்துகொண்டிருக்கும் மூதாட்டிக்கு முதல் இலக்காக 3,000 என்று எழுதிக்கொடுத்து, சாயங்காலம் விளக்கேற்றியதும் வாசல்முனைவரை போய்வரச் சொன்னால் போதும். 3,500-ஐப் பற்றி அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம்.