பெயர்கள் மாறின, கடல் ஒன்றே!

ஒரு கல்விக்கூடத்தின் பெயர் மாற்றப்படும்பொழுது, அங்குப் பயின்றோர் உள்ளத்தில் ஏக்கம் எழுவது இயல்பு. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில், நெடிய மரபுடைய இரண்டு பல்கலைக்கழகங்கள் தம் பழம்பெயர்களைத் துறந்து ஒன்றாயின. அவ்வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பான் உலக வணிகத்தில் இறங்கியது. நாட்டில் கப்பல்கள் இருந்தன. அவற்றைச் செலுத்தும் பொறுப்போ பெரும்பாலும் அயல்நாட்டு மாலுமிகளிடம் இருந்தது. இக்குறையைப் போக்க, அமைச்சர் ஒகுபோ தொஷிமிச்சியின் ஆணைப்படி, மிட்சுபிஷி நிறுவனர் இவாசாகி யதாரோ 1875-இல் ஒரு கப்பற்பள்ளியைத் தொடங்கினார். 1882-இல் அரசு அதனை ஏற்றது. அது வளர்ந்து, 1957-இல் டோக்கியோ வணிகக் கப்பல் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது.

மற்றொன்றின் பிறப்பு மீனவர் வாழ்வோடு தொடர்புடையது. ஜப்பானிய மீன்வளச் சங்கம் 1888-இல் ஒரு பயிற்சிக்கூடத்தை நிறுவியது. 1897-இல் அதுவும் அரசு நிறுவனமாயிற்று. மீன் பிடித்தல், பதப்படுத்துதல், வளர்த்தல் ஆகிய மூன்றும் அங்கே முறையான கல்வியாக மலர்ந்தன. 1949-இல் அது டோக்கியோ மீன்வளப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

ஒன்றுக்குக் கடல் பாதை. மற்றொன்றுக்குக் கடல் உணவுக்களஞ்சியம். 2003 அக்டோபரில் இரண்டும் இணைந்து, டோக்கியோ கடல்சார் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஜப்பானிய மொழியில் அதன் பெயர் 'டோக்கியோ கையோ டைகாகு'. 'கையோ' என்றால் பெருங்கடல். 'வணிகக் கப்பல்', 'மீன்வளம்' என்னும் இரு சொற்களும் பெயரினின்று மறைந்தன.

இது இழப்பா? கப்பல் கசியவிடும் எண்ணெய் மீனைக் கொல்கிறது. கடல்நீர் வெப்பமடைந்தால் மீன்கூட்டம் இடம்பெயர்கிறது. பாதையையும் களஞ்சியத்தையும் தனித்தனியே காத்தல் இயலாது. 2017-இல் கடல் வளத்திற்கும் சுற்றுச்சூழலுக்குமென மூன்றாவது புலம் தொடங்கப்பட்டமை, புதிய பெயருக்குப் பொருள் சேர்த்தது.

பெயரை விட்டவர்கள் நினைவை விட்டுவிடவில்லை. எச்சூஜிமா வளாகத்தில், ஸ்காட்லாந்தில் 1874-இல் கட்டப்பட்ட 'மெய்ஜி மாரு' என்னும் இரும்புக் கப்பல் போற்றிக் காக்கப்படுகிறது. 1876-இல் பேரரசர் மெய்ஜி அதில் பயணம் செய்து யோகோஹாமா வந்தடைந்த ஜூலை 20-ஆம் நாளே, 1996 முதல் ஜப்பானில் 'கடல் நாள்' என்னும் பொது விடுமுறையாயிற்று. 2003 முதல் அது ஜூலை மூன்றாம் திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்டது. 1923 பெருநிலநடுக்கத்தின்போது வீடிழந்தோர்க்கு அடைக்கலம் தந்ததும் இக்கப்பலே. சினகாவா வளாகத்திலோ, 1909-இல் கட்டப்பட்ட 'உன்யோ மாரு' என்னும் மீன்வளப் பயிற்சிக் கப்பல் நிற்கிறது.

பழம்பெயருக்காகப் பூசலிட்டு நிற்பதும் எளிது. பழமையை அடியோடு மறப்பதும் எளிது. இவ்விரண்டையும் தவிர்த்து, தொடங்கிய நோக்கத்தைக் காத்து, காலத்திற்கேற்ப அதனை விரிவாக்குவதே அரிது. கல்வி நிறுவனங்களை நடத்துவோரும், பிள்ளைகளை அங்கு அனுப்பும் பெற்றோரும் கருதிப் பார்க்கவேண்டியது இதுவே: வாயிலில் எழுதியிருக்கும் பெயரைவிட, உள்ளே கற்பிக்கப்படுவது என்ன என்பதே பெரிது.