ஏடு தேடிய யாத்திரிகர் – 9: ஜான் லேடனின் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும்

ஒரு கவிஞருடைய சரித்திரத்தை எழுதப் புகுகிறவர் அவருடைய அச்சிட்ட நூல்களை முன்னே வைத்துக்கொண்டு தொடங்குவதே வழக்கம். ஸ்காத்லாந்தில் பிறந்து, சென்னையில் வைத்தியம் பார்த்து, ஜாவாவில் உயிர் நீத்த ஜான் லேடன் விஷயத்தில் அந்த வழக்கம் நமக்கு அதிகமாக உதவாது. அவர் ஜீவித்திருந்த காலத்தில் தனி நூலாக வெளிவந்த பெரிய கவிதை, 1803இல் அச்சேறிய ‘பால்ய காலக் காட்சிகள்’ ஒன்றுதான். மற்றவற்றில் பல, ஸ்நேகிதர்களுக்கும் தந்தையாருக்கும் எழுதிய கடிதங்களாகவும், பாதியில் நின்றுபோன மொழிபெயர்ப்புகளாகவும், பல பாஷைகளைப் பற்றிய குறிப்புகளாகவும் கண்டங்கள் தோறும் சிதறிக் கிடந்தன. பிறருடைய ஏடுகளைத் தேடுவதிலேயே ஆயுளைச் செலவிட்ட அந்த மனிதர், தம்முடைய ஏடுகளை ஒழுங்கு செய்து வைக்க அவகாசமின்றி, முப்பத்தாறு வயது நிறைவதற்குள் மறைந்துவிட்டார். அவற்றைச் சேர்த்துக் காப்பாற்றிய புண்ணியம் அவருடைய ஸ்நேகிதர்களைச் சேர்ந்தது.

1775ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, டீவியட் நதிக்கரையிலுள்ள டென்ஹம் என்னும் சிற்றூரில், ஆடு மேய்த்தும் நிலம் உழுதும் ஜீவனம் செய்த எளிய குடும்பத்தில் லேடன் பிறந்தார். பாட்டியாரிடம் எழுத்துக் கற்று, பைபிளை மனப்பாடமாகப் படித்து, 1790இல் பாதிரிப் படிப்புக்கென்று எடின்பரோ சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே ஆர்ச்சிபால்டு கான்ஸ்டபிள் என்பவருடைய பழைய புத்தகக் கடையில், ஏணியின் உச்சியில் நின்றபடியே தடித்த புராதன நூல்களைப் படித்துக்கொண்டிருந்த இந்த இளைஞரைக் கண்ட புத்தகப் பிரியர் ரிச்சர்டு ஹீபர், அவரை வால்டர் ஸ்காட்டுக்கு அறிமுகம் செய்துவைத்தார். இருவருடைய வாழ்விலும் அது பெரிய சம்பவம்.

ஸ்காட் அப்போது, இங்கிலாந்தை ஒட்டிய ஸ்காத்லாந்தின் எல்லைநாட்டு நாடோடிக் கதைப்பாடல்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு பழம்பாட்டு கிடைத்தது. ஆனால் அதன் பின்பகுதி கிடைக்கவில்லை. அதன் பிறகு இரண்டு தினங்கள் கழித்து, ஸ்காட் தம் இல்லத்தில் விருந்தினரோடு உணவுண்டு முடித்து அமர்ந்திருந்த வேளையில், தூரத்திலிருந்து புயற்காற்றின் ஊளையைப் போன்ற ஓர் ஓசை எழுந்து, நெருங்க நெருங்கப் பெருகியது. என்ன விபரீதமோ என்று விருந்தினர் திகைத்திருக்கையில், கதவைத் திறந்துகொண்டு லேடன் உள்ளே வந்தார். அந்தப் பாட்டின் காணாமற்போன பகுதியைத்தான் அவர் உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டு வந்திருந்தார். அதை ஞாபகத்தில் வைத்திருந்த வயோதிகர் ஒருவரைத் தேடி, நாற்பது ஐம்பது மைல் கால்நடையாகப் போய், அதே வழியே திரும்பியும் வந்திருந்தார்! 1802இல் வெளிவந்த அந்தத் தொகுதியின் பெருமை ஸ்காட்டைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் லேடனுடைய கால்களின் உழைப்பும் கலந்திருப்பதை நாம் மறக்கலாகாது.

இந்தியாவுக்குப் போக வேண்டும் என்ற வேட்கை அவரைப் பற்றிக்கொண்டபோது, உதவி வைத்தியர் உத்தியோகம் ஒன்றைத் தவிர வேறெதுவும் காலியாக இல்லை. லேடன் தயங்கவில்லை, ஆறு மாதத்துக்குள் வைத்தியம் படித்துத் தேறி, 1803 ஆகஸ்டு 19ஆம் தேதி சென்னையில் வந்திறங்கினார். பொது ஆஸ்பத்திரியில் சில காலம் பணிபுரிந்தபின், திப்பு சுல்தானுக்குப் பிறகு மைசூர் ராஜ்யத்தை அளக்கப் புறப்பட்ட குழுவில் வைத்தியராகவும் இயற்கை நூல் ஆராய்ச்சியாளராகவும் சேர்ந்தார். பாஷைகளைக் கற்கும் ஆவலோ எல்லை மீறியது. கீழ்நாட்டுப் பாஷை ஞானத்தில் சர் வில்லியம் ஜோன்ஸை நூறு மடங்கு விஞ்சாமல் தாம் இறந்தால், எல்லைநாட்டான் எவனும் தமக்காகக் கண்ணீர் சிந்த வேண்டாம் என்று நண்பருக்கு எழுதினார். அந்த ஆவலுக்கு உடல் ஈடுகொடுக்கவில்லை. ஜுரமும் வேறு பல நோய்களும் அவரை மீண்டும் மீண்டும் வீழ்த்தின.

மைசூரில் அவர் பிழைப்பது அரிது என்ற நிலையில் கிடந்தபோது நிகழ்ந்த ஒன்றை அவருடைய நண்பர் ஜான் மால்கம் எழுதிவைத்திருக்கிறார். மால்கமும் எல்லைநாட்டவரே. பிரெஞ்சுப் படை வந்துவிட்டதென்று தவறாக எண்ணி 1804இல் குன்றுகளின் மேல் எச்சரிக்கைத் தீ மூட்டப்பட்ட இரவில், சுற்றுவட்டாரத்துத் தொண்டர்கள் ஆயுதபாணிகளாய்த் திரண்டு வந்த செய்தி, ஊரிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் இருந்தது. அதை அவர் சொல்லக் கேட்ட மாத்திரத்தில் நோயாளியின் முகம் மலர்ந்தது. படுக்கையை விட்டுத் துள்ளியெழுந்து, பிறந்த மண்ணின் போர்ப்பாட்டு ஒன்றை அங்கவிக்ஷேபங்களோடு உரக்கப் பாடத் தொடங்கினார். அருகில் நின்றவர்களில் சிலர் ஜன்னி கண்டுவிட்டதென்றே நினைத்தார்கள்.

1805 அக்டோபரில், பினாங்குத் தீவிலிருந்து எடின்பரோவின் அச்சுக்கூட நண்பர் ஜேம்ஸ் பாலன்டைனுக்கு லேடன் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். சென்னையில் கால் வைத்தது முதல் அதுவரை நடந்ததையெல்லாம் அதில் ஒரே மூச்சில் சொல்லுகிறார். என் அபிப்பிராயத்தில், அவருடைய கவிதைகள் பெரும்பாலும் முந்திய நூற்றாண்டின் கனத்த அலங்காரங்களைச் சுமந்துகொண்டு நடப்பவை. கடிதங்களிலோ, அந்தப் புயற்குரலோனையே நேரில் காண்கிறோம். மலையாளக் கரையில் சிறக்கல் என்னும் இடத்தில் அவர் பாடிய ‘இந்தியப் பொற்காசு’ கவிதையை மாத்திரம் இதற்கு விலக்காகச் சொல்லுவேன். பொருளுக்காகத் தாயகத்தையும் அன்பையும் ஆரோக்கியத்தையும் விட்டு வந்தவன், கையிலிருக்கும் காசைப் பார்த்துப் பேசும் அந்தப் பாட்டில், கடிதம் எழுதுகிறவனுடைய நேர்மை இருக்கிறது.

பினாங்கில் ஆங்கிலேய அதிகாரியான ராபிள்ஸ், அவர் மனைவி ஆகியோரின் நட்பு கிடைத்தது. பின்னர்க் கல்கத்தாவில் ஹிந்துஸ்தானி ஆசிரியராகவும், நீதிபதியாகவும், நாணயசாலை அதிகாரியாகவும் இருந்த ஆண்டுகளை நாம் விரைந்து கடந்துவிடலாம். 1811இல் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபு ஜாவாவின் மேல் படையெடுத்தபோது லேடனும் உடன் சென்றார். பிரபுவின் பூர்வீக மாளிகையும் லேடனின் டென்ஹம் கிராமமும் டீவியட் பள்ளத்தாக்கில் அண்டை அயலாக இருப்பவை. படேவியா நகரம் வசமானதும், கீழ்நாட்டுக் கையெழுத்துப் பிரதிகள் ஓர் அறையில் இருப்பதாக லேடன் கேள்விப்பட்டார். நெடுநாள் பூட்டிக்கிடந்த அந்த அறையைத் திறந்துவிட்டுக் காற்று உலாவவிடும் வரையில்கூட அவர் பொறுத்திருக்கவில்லை. உள்ளே நுழைந்து ஏடுகளைப் புரட்டிவிட்டு வெளியே வரும்போதே உடல் நடுங்கியது. அங்குள்ள காற்று எவனுக்கும் ஜுரத்தைக் கொடுத்துவிடும் என்று அவரே சொன்னாராம். மூன்றே தினங்களில், ஆகஸ்டு 28ஆம் தேதி, ராபிள்ஸின் அரவணைப்பில் அவருடைய உயிர் பிரிந்தது. விஷக்காற்றுத்தான் காரணமா, முன்னமே உடலில் ஊறியிருந்த நோய் காரணமா என்று வைத்தியர்கள் விவாதிக்கட்டும். ஏடுகளைக் கண்டால் ஒரு கணமும் தரியாத சுபாவம் அவரை அந்த அறைக்குள் இழுத்துச் சென்றது என்பதில் மாத்திரம் விவாதத்துக்கு இடமில்லை.

அதன்பின் ஸ்நேகிதர்களின் கைங்கரியம் தொடங்கியது. ஸ்காட் தம்மிடமிருந்த கடிதங்களையும் ஞாபகங்களையும் கொண்டு உருக்கமான ஒரு சரித்திரம் எழுதினார். 1819இல் ஜேம்ஸ் மார்ட்டன் என்னும் பாதிரியார் எஞ்சிய கவிதைகளைத் திரட்டி, வாழ்க்கை வரலாற்றோடு பிரசுரித்தார். மலாய் அரசர்களின் சரித்திரத்தை லேடன் மொழிபெயர்த்து வைத்திருந்த பிரதி, ராபிள்ஸின் முகவுரையோடு 1821இல் லண்டனில் வெளிவந்தது.

எல்லாவற்றிலும் கடினமான பணி வில்லியம் எர்ஸ்கினுக்கு வாய்த்தது. பாபர் சக்கரவர்த்தியின் சுயசரிதத்தைத் துருக்கி மூலத்திலிருந்து லேடன் மொழிபெயர்க்கத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தார். பம்பாயில் எர்ஸ்கினோ அதே நூலைப் பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து தாமாகவே ஆக்கிக்கொண்டிருந்தார். லேடனின் பக்கங்கள் கைக்கு வந்ததும், தம் உழைப்பையெல்லாம் அதனோடு ஒப்புநோக்கித் திருத்தி எழுதும் சிரமத்தை அவர் ஏற்றுக்கொண்டார். நூலின் பெரும்பகுதி எர்ஸ்கினுடையது. ஆயினும் 1826இல் அது வெளிவந்தபோது, முகப்பில் லேடனின் பெயரையே முதலில் நிறுத்தி, மறைந்த நண்பருடைய வயது முதிர்ந்த தந்தையாருக்கு உதவும் பொருட்டு அதைப் பிரசுரித்தார்.

(தொடரும்)