சேர்வராயனும் மிகுமரியும்: மலைத்தெய்வம் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

சேலத்திற்கு வடக்கே எழுந்து நிற்கும் மலைத்தொடருக்குச் சேர்வராயன் மலை என்பது பெயர். ஆங்கிலேயர் தம் நாவிற்கேற்ப அதனை 'ஷெவராய்' என வழங்கினர். ஏற்காட்டைக் கடந்து மேலும் ஏறிச் செல்வார்க்குக் கடல்மட்டத்தின்மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், கூரிய சிகரத்திற்கு மாறாகப் புல் படர்ந்த அகன்ற மேட்டுநிலம் எதிர்ப்படும். அதன்கண் உள்ளது சேர்வராயன் கோயில். குனிந்து புகவேண்டிய குறுகிய குகையே அதன் கருவறை. அவ்விருளினுள் உறைவோர் இருவர்: மலைக்குரிய சேர்வராயனும், ஆற்றுக்குரிய காவேரியம்மனும். ஆண்டுதோறும் மே மாதத்தில் நிகழும் விழாவிற்கு மலையாளிகள் எனப்படும் மலைவாழ் மக்கள் பல ஊர்களினின்றும் திரள்வர். இவர்கள் தமிழ் பேசுவோர். காஞ்சிபுரத்தினின்று தம் முன்னோர் வந்தனர் என்னும் மரபினர். கேரளத்தாரோடு இவர்களை மயங்குதல் கூடாது.

மலையில் மலைத்தெய்வம் இருத்தல் இயல்பே. காவேரியம்மன் அங்கிருப்பது ஏன் என்பதே எம் வினா. காவிரி பிறப்பது குடகில், இம்மலையில் அன்று. அது இம்மலையடியைத் தழுவிச் செல்வதுமில்லை. தொல்காப்பிய முறைப்படி நோக்கினும் இவ்விணைப்பு வியப்பிற்குரியது. குறிஞ்சிக்குச் சேயோனையும் மருதத்திற்கு வேந்தனையும் தெய்வமாக வகுத்தது அந்நூல். ஈண்டோ குறிஞ்சித் தெய்வத்தின் அருகே, மருதத்தை வளர்க்கும் ஆறு தெய்வமாய் அமர்ந்துள்ளது. இவ்வினாவிற்கு விடை காணப் பழஞ் சப்பானியரின் மலைவழிபாடு துணை செய்யும் என யாம் கருதுகின்றோம்.

சப்பானில் மலையே தெய்வத்திருமேனியாக வழிபடப்பெறும் இடங்கள் உள. நாரா வட்டாரத்து மிவா மலை அவற்றுள் தலையாயது. 467 மீட்டரே உயரமுள்ள அச்சிறு மலையின் அடியில் ஓமிவா ஆலயம் அமைந்துளது. அதற்குக் கருவறையே இல்லை. 1664-இல் எழுப்பப்பெற்ற வழிபாட்டு மண்டபத்தில் நின்று, அதன் பின்னுள்ள மும்மை வாயிலின் ஊடே மலையையே தொழுவர். பாறைக் குவியல்கள் தெய்வம் இறங்கும் இருக்கைகளாகப் போற்றப்பெறுகின்றன. பொதுமக்கள் மலைமீது ஏறுதல் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தது. அங்குறையும் ஓமோனோநுசி என்னும் தெய்வத்தின் கதைகள், 712-இல் முடிவுற்ற கொசிகி, 720-இல் முடிவுற்ற நிகோன் சொகி ஆகிய பழநூல் இரண்டிலும் வருகின்றன. கட்டடம் இன்மை குறையாகக் கருதப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. நம் நாட்டில் குகைக் கோயிலைக் கண்டவுடன் 'வளர்ச்சியுறாத வழிபாடு' என்று எழுதிவிடுவோர் மிவாவை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

எனினும் சேர்வராயன் கோயிலுக்கு நெருங்கிய ஒப்புமை மிவாவில் இல்லை; அதன் தெற்கேயுள்ள யோசினோ மலையில் உளது. அங்குள்ள தெய்வத்தின் பெயர் மிகுமரி. 'மி' என்பது நீர். 'குமரி' என்பது பகிர்தல். எனவே நீரைப் பகிர்ந்தளிக்கும் தெய்வம் என்பது பொருள். 927-இல் தொகுத்து முடிக்கப்பெற்ற எங்கிசிகி என்னும் விதித்தொகுதி யமாட்டோ நாட்டில் இத்தகைய மிகுமரிக் கோயில் நான்கினைப் பெயர் சுட்டுகின்றது: யோசினோ, உதா, சுகே, கட்சுராகி. இவற்றுள் யோசினோத் தெய்வத்திற்கு மழை வேண்டி 698-இல் அரசர் குதிரை அளித்த செய்தி அரசவரலாற்றில் பதிவாகியுளது. அத்தெய்வம் முதற்கண் உறைந்ததாகக் கூறப்பெறும் அவோனே உச்சியினின்று நீரோடைகள் நாற்றிசையும் பிரிந்து செல்கின்றன. பேராற்றின் தலைஊற்று மட்டுமே தெய்வத்தன்மை உடையது என்று அம்மக்கள் எண்ணவில்லை. பெய்யும் மழை எவ்விடத்தில் 'இவ்வூர்க்கு இவ்வளவு, அவ்வூர்க்கு அவ்வளவு' எனப் பிரிகின்றதோ அவ்விடமே அவர்க்குத் தெய்வ உறையுளாயிற்று.

இக்கருத்தொடு சேர்வராயன் மலையை மீண்டும் நோக்குக. சரபங்கா ஆறு இம்மலையில் தோன்றிக் காவிரியிற் கலக்கின்றது. திருமணிமுத்தாறும் இங்குத் தோன்றிச் சேலம் வழியாகச் சென்று காவிரியையே அடைகின்றது. வாணியாறோ மறுபுறம் இறங்கித் தென்பெண்ணையிற் சேர்கின்றது. ஆக, இம்மலைமீது விழும் மழை இரு பேராறுகட்குப் பிரிவுறுகின்றது. காவிரி ஈண்டுப் பிறவாவிடினும், காவிரிக்கு நீர் பகிரும் மலை இது. குகையுள் மலையும் ஆறும் இணைந்திருத்தற்கு இதுவே காரணமாதல் கூடும் என்பது எம் துணிபு. தென்பெண்ணைக்குத் தனித்தெய்வம் அக்குகையில் அமையாமையும் இத்துணிபைத் தகர்க்காது; பேராறுகளுள் தெய்வமாய்ப் பெரும்புகழ் எய்தியது காவிரியே அன்றோ!

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். 'மிகுமரி' என்று கேட்டவுடன் தமிழறிந்தார் செவியில் 'குமரி' ஒலிக்கும். மாரியும் உடன் நினைவிற்கு வரும். சப்பானியப் பேரறிஞர் சுசுமு ஓனோ (1919-2008) தமிழ்க்கும் சப்பானியத்திற்கும் உறவு காட்ட முயன்று, 1980-இல் ஒலியொப்புமை நூலொன்றும் வெளியிட்டார். அதனைப் பெரும்பாலான மொழிநூலார் ஏற்றிலர். அவர்தம் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் அத்துறையில் எழுந்த மிகைக் கூற்றுகள் பல. 'குமரி' என்பது சப்பானியத்தில் பகிர்தலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்த சொல். கன்னியோடும் மழையோடும் அதற்குத் தொடர்பில்லை. மலையும் நீரும் உள்ள நாட்டில் உழவர் ஒரே முடிவிற்கு வருதற்குக் கடல் கடந்த உறவு வேண்டுவதில்லை. அதனால் யாம் காட்டும் ஒப்புமை கருத்தளவினது, குருதியுறவு கூறுவதன்று.

ஒலியை நம்பினார் சப்பானிலும் இருந்தனர் என்பது சுவையான செய்தி. 'மிகுமரி' என்பதன் பொருள் காலப்போக்கில் மறைந்தது. அச்சொல் 'மிகொமொரி' எனத் திரிந்து, 'குழந்தையைக் காத்தல்' என மக்களால் உணரப்பட்டது. நீரைப் பகிர்ந்த தெய்வம் மகப்பேறு அருளும் தெய்வமாயிற்று. இன்றுள்ள யோசினோ மிகுமரி ஆலயத்தை 1605-இல் தொயொதொமி கிதெயொரி புதுப்பித்தபோது அத்தெய்வம் மகப்பேற்றுத் தெய்வமாகவே பெரிதும் போற்றப்பட்டு வந்தது.

பிற்காலத்துப் பெருந்தெய்வப் பெயர்கள் மலைத்தெய்வத்தின்மேற் படிதலும் இருநாட்டிற்கும் பொது. சப்பானில் மலைத்தெய்வங்கள் புத்தர், போதிசத்துவர் ஆகியோரின் தோற்றங்கள் எனக் கொள்ளப்பட்டன. 1868-இல் அரசாணை இரு நெறியையும் பிரிக்கும் வரை அவை கலந்தே நின்றன. சேர்வராயனைத் திருமாலாகக் கொள்வார் ஈண்டும் உளர். ஆயின் அங்கு ஆண்டும் ஆணையும் எழுத்தில் உள. ஈண்டு விழாவும் வாய்மொழியுமே சான்று. எனவே மலையூர்தோறும் சென்று, எவ்வூரார் எவ்வோடையின் நீரைக் கொள்வர், விழாவில் எவ்வூரார்க்கு எம்முறைமை உரியது என்பவற்றை அருகருகே வைத்துப் பட்டியலிடுதல் முதற்பணியாம். ஓடையின் முறையும் விழாவின் முறையும் ஒத்துவருமாயின் மேற்கூறிய துணிபு வலுப்பெறும். ஒவ்வாவிடின் அதனைக் கைவிடல் வேண்டும்.