உதயப்பூரில் ஏரி பார்த்தீர்களா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். "உனக்கென்னப்பா, கம்பெனி காசில் ஊர் ஊராகச் சுற்றுகிறாய்" என்று டூர் வேலைக்காரனிடம் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. சுற்றுவது உண்மைதான். ஊரைப் பார்ப்பதுதான் நடக்காது.

கோவையில் நூற்பாலை இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் இன்ஜினியரை எடுத்துக்கொள்வோம். ராஜஸ்தானில், பில்வாரா மில் ஒன்றில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மிஷின் மக்கர் செய்கிறது. பில்வாராவுக்குப் பயணிகள் விமானம் இல்லை. மும்பையிலோ டெல்லியிலோ மாறி உதயப்பூரில் இறங்கி, அப்புறம் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் போக வேண்டும். உதயப்பூர் என்றதும் ஏரியும் அரண்மனையும் நினைவுக்கு வருகிறதல்லவா? விமான நிலையம் இருப்பதோ ஊருக்குக் கிழக்கே 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, டபோக்கில். பில்வாரா போகிற கார் ஊருக்குள் நுழையாமல் அங்கிருந்தே வடகிழக்கே போய்விடும். வருஷக்கணக்காகப் போய்வருகிறவரும் பிச்சோலா ஏரியைக் காலண்டரில்தான் பார்த்திருப்பார்.

வேலை என்னவோ நாலு மணி நேரம்தான். மற்றதெல்லாம் காத்திருப்பு. ஸ்பேனரையும் பெரிய ஸ்க்ரூ டிரைவரையும் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் போட்டாக வேண்டும். பவர் பேங்க்கைப் பெட்டியில் விடமாட்டார்கள், கையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, மற்றவர்கள் டாக்சி பிடித்துப் போன பிறகும் இவர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மில் கேட்டில் லேப்டாப் நம்பரையும் டூல்ஸையும் செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். உள்ளே போனால், உற்பத்தி குறையுமென்று மிஷினை உடனே நிறுத்தித் தரமாட்டார்கள். "ஷிப்ட் மாறட்டும் சார்" என்று ஒரு ஸ்டூலைக் காட்டுவார்கள். டூரில் பாதி அந்த ஸ்டூலில்தான் கழிகிறது.

ராத்திரி ரயிலில் போகிறவர் பாடு வேறு. கோவையில் ஏறினால் காலை ஏழு மணி வாக்கில் சென்னை சென்ட்ரல். மீட்டிங் பத்து மணிக்கு. பெரும்பாலான ஹோட்டல்களில் ரூம் கொடுப்பது பன்னிரண்டு மணிக்குமேல்தான். குளிக்க எங்கே போவது? இதற்காகவே அனுபவசாலிகள் '24 மணி நேர செக்-அவுட்' போர்டு மாட்டிய லாட்ஜைத் தேடிப் போவார்கள். எனக்கு அந்த போர்டின்மேல் நட்சத்திர ஹோட்டலைவிட மரியாதை அதிகம்.

சரி, ரூம் கிடைத்துவிட்டது, தூங்கலாமே என்பீர்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது. புது இடத்தில் முதல் நாள் தூக்கம் சரியாக வராது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள் இல்லையா? அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் அதை அளந்தே காட்டினார்கள். பழகாத இடத்தில் முதல் ராத்திரி மூளையின் இடது பாதி முழு ஆழத்துக்குத் தூங்குவதில்லை. வித்தியாசமான சத்தம் கேட்டால் எழுப்பிவிட, காவல்காரன்மாதிரி அரை விழிப்பில் இருக்கிறது. அதே இடத்தில் அடுத்த முறை படுக்கும்போது இது காணாமல் போய்விடுகிறது. ஆனால் திங்கள் பில்வாரா, செவ்வாய் அகமதாபாத், புதன் இச்சல்கரஞ்சி என்று போகிறவருக்கு அந்த அடுத்த முறை வாய்ப்பதே இல்லை. போதாக்குறைக்கு விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டி உயரத்தில் இருப்பதுதான். ஈரப்பதமும் ரொம்பக் குறைவு. தொண்டை காய்வதும் இறங்கியபின் மந்தமாக இருப்பதும் அதனால்தான்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். தயிர் கிடைத்தால் அன்று நல்ல நாள்.

ஊர் திரும்பினாலும் டூர் முடிந்துவிடாது, பில் இருக்கிறது. அகமதாபாத் ஹோட்டல் பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அக்கவுண்ட்ஸில் முகம் சுளிப்பார்கள். அவர்கள்மேலும் தப்பில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி தங்கும் சேவை நடந்த இடம் என்பது ஹோட்டல் இருக்கிற இடம். ஆகவே பில்லில் மத்திய வரியோடு குஜராத் மாநில வரி விழும். கம்பெனி தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்திருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. அதே ரூம் சென்னையில் என்றால், கம்பெனியின் ஜிஎஸ்டி நம்பர் பில்லில் இருக்கிற பட்சத்தில், கழித்துக்கொள்ளலாம். ராத்திரி பதினோரு மணிக்கு, அரைத் தூக்கத்தில் இருக்கும் ரிசப்ஷன் பையனிடம் அந்தப் பதினைந்து எழுத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைப்பதும் இன்ஜினியர் வேலைதான். ஆட்டோக்காரர் பில் தரமாட்டார், அது கைக்காசு.

இதில் எதுவும் டூர் புரோகிராமில் இருக்காது. அதில் 'திங்கள், பில்வாரா, ஒரு நாள்' என்று மட்டும் இருக்கும். ஞாயிறு மத்தியானமே பெட்டி கட்டியது கணக்கில் வராது. கையெழுத்துப் போடுகிற மேனேஜருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ரூம் வாடகையை மிச்சம் பிடிக்கிறேன் என்று ராத்திரிப் பயணம் வைத்து, காலையில் நேராக மில்லுக்கு அனுப்பாதீர்கள். ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 15,000 சுற்றுக்குமேல் ஓடுகிறது. அதன் பக்கத்தில் கை வைக்கப்போகிறவர் முந்தின நாளே போய், ஒரு ராத்திரி படுத்து எழுந்து வரட்டும்.