வயிற்றில் தங்குமுன்னே மாத்திரை எதற்கு? கடற்பீச்சி சொல்லும் விடை

வாவிக்கரையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த குடும்பநல மாது, புதிதாகத் திருமணமான தங்கைக்குப் போலிக் அமில மாத்திரை கொடுத்தார்.

“இன்னும் வயித்தில ஒண்டும் தங்கல்லையே மிஸ், இப்பவே என்னத்துக்கு?” என்றார் அம்மா. என்னைச் சுமந்த போர்க்காலத்தில் அவர் கிளினிக்கை ஒழுங்காகக் கண்டதில்லை.

விடை தேடியபோது கடற்பீச்சி பற்றி வாசித்தேன். துறைமுகத் தூண்களிலும் படகடியிலும் ஒட்டி வாழும், தொட்டால் நீரைப் பீய்ச்சும் சிறு பை அது. ஆனால் அதன் குடம்பி வாற்பேத்தை போல நீந்தும். முதுகுப்புறத்தில் நமக்கிருப்பது போன்ற நரம்புக் குழாயும் உண்டு. இந்த உறவை 1866இல் ரஷ்ய விஞ்ஞானி கோவலெவ்ஸ்கி வெளிப்படுத்தினார்.

சியோனா என்ற கடற்பீச்சியின் கரு வெறும் 32 கலங்களாக இருக்கும்போதே நரம்புக்கான வேலை தொடங்கிவிடுகிறது. கருவின் ஒரு பாதியிலுள்ள கலங்கள் எப்.ஜி.எப். என்ற புரதத்தைச் சைகையாக அனுப்புகின்றன. மறுபாதியின் 16 கலங்களில் நான்கில் மட்டும் அது ஓ.டி.எக்ஸ். என்ற மரபணுவைத் தூண்டுகிறது. மூளையின் முன்பகுதி இவற்றின் வழிவரும் கலங்களிலிருந்தே உருவாகிறது. சைகையைத் தடுத்தால் அவை தோலாகிவிடும். பின்னர் தட்டையான நரம்புத் தட்டு சுருண்டு மூடிக் குழாயாகிறது.

மனிதக் கருவின் முன்மூளைக்கும் ஓ.டி.எக்ஸ். குடும்ப மரபணு தேவை. நமது நரம்புக் குழாய் கருவுற்று 28 நாட்களுக்குள் மூடிவிடும். கர்ப்பம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாத நாட்கள் அவை. மூடாவிட்டால் முள்ளந்தண்டுப் பிளவு போன்ற குறைபாடுகள் வரலாம். போலிக் அமிலம் அந்த ஆபத்தைக் குறைக்கிறது. அதனால்தான் கருத்தரிக்க முயலும்போதே நாளுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

தெரிந்தபின் தொடங்கினால் பெரும்பாலும் அந்த நாட்கள் கடந்திருக்கும். அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன்.