கோவேறு கழுதைகள் நடந்த கரை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் தொடங்கி, போட்டோமாக் ஆற்றின் இடக்கரையை ஒட்டி மேரிலாண்ட் மாநிலத்தின் கம்பர்லாண்ட் நகர் வரை 297 கிலோமீட்டர் நீள்கிறது ஒரு மண்பாதை. செசபீக் – ஒகையோ கால்வாயின் கரை அது. கம்பர்லாண்டில் அதனோடு ‘கிரேட் அலெகெனி பாசேஜ்’ என்ற 241 கிலோமீட்டர் சரளைப் பாதை சேர்ந்துகொள்கிறது. அது பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் முடிகிறது. இரண்டும் சேர்ந்து சுமார் 538 கிலோமீட்டர். ஏறத்தாழ முழுத் தொலைவுக்கும் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சைக்கிளில் நெடும்பயணம் செல்வோர் அமெரிக்காவில் அதிகம் நாடும் பாதைகளில் இதுவும் ஒன்று.

அப்பலாச்சியன் மலைத்தொடரையே இப்பாதை கடக்கிறது. ஆனாலும் மூச்சு முட்டும் செங்குத்தான ஏற்றம் எங்கும் கிடையாது. ஏனெனில் இது சைக்கிளுக்காகப் போட்ட பாதையல்ல. முதல் பாதி தண்ணீருக்காகவும் அதன்மேல் மிதந்த படகுகளுக்காகவும், இரண்டாம் பாதி நீராவி ரயிலுக்காகவும் சமப்படுத்தப்பட்டவை. அந்த இரண்டு போக்குவரத்தும் நின்றுபோன பின் எஞ்சிய சமதளம்தான் இன்று சைக்கிளுக்குக் கிடைத்திருக்கிறது.

படகை இழுத்த பாதை

1828 ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டியால் முதல் மண்ணை வெட்டி இந்தக் கால்வாய்ப் பணியைத் தொடங்கிவைத்தார். மலைகளைத் தாண்டி ஒகையோ ஆற்றை எட்டுவது திட்டம். அதே நாளில் பால்டிமோர் நகரில் பால்டிமோர் – ஒகையோ ரயில்பாதைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. ரயில் 1842இல் கம்பர்லாண்டை அடைந்தது. கால்வாய் 1850இல்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் பணமும் தீர்ந்திருந்தது, ரயிலும் முந்திக்கொண்டிருந்தது. கால்வாய் அங்கேயே நின்றது.

ஆயினும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதில் படகுகள் ஓடின. முக்கியச் சரக்கு, கம்பர்லாண்ட் பகுதியில் வெட்டிய நிலக்கரி. ஒரு படகு 100 டன்னுக்கு மேல் சுமக்கும். அதை இழுத்தவை கோவேறு கழுதைகள். அவை கரையில் நடக்க, நீண்ட கயிற்றில் கட்டிய படகு பின்னால் நகர்ந்து வரும். பெரும்பாலும் படகோட்டியின் குடும்பமே அதில் குடியிருந்தது. பிள்ளைகள் கழுதைகளை ஓட்டிச் சென்றார்கள். கால்வாய்க்கும் ஆற்றுக்கும் இடையே, கழுதைகள் நடப்பதற்காக மண் கொட்டிக் கெட்டித்த அந்தக் கரைதான் இன்றைய சைக்கிள் பாதை.

ஏற்றம் எங்கே போனது?

ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாண்ட் 184 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓடும் தண்ணீரில் படகை எதிர்த்து இழுப்பது கடினம் என்பதால் கால்வாய் நீர் ஏறத்தாழ அசையாமல் நிற்க வேண்டும். அதனால் கால்வாயைச் சரிவாக வெட்டாமல், நீண்ட சமமட்டத் துண்டுகளாக வெட்டினார்கள். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையே ‘லாக்’ எனப்படும் கல்தொட்டி. இரு முனைகளிலும் மரக் கதவுகள். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலிருந்து தண்ணீரை விடுவார்கள். நீர்மட்டம் உயர உயரப் படகும் உயரும். மேல்மட்டத்தைத் தொட்டதும் மேற்கதவு திறக்கும். ஒவ்வொரு முனையிலும் உள்ள இரு கதவுகளும் நீர் வரும் திசையை நோக்கிக் கூர்முனையாகச் சேரும்படி அமைந்தவை. எனவே தண்ணீரின் அழுத்தமே அவற்றை இறுக மூடிவைக்கும்.

இப்படி 74 லாக்குகள். ஒவ்வொன்றும் சராசரியாக இரண்டரை மீட்டர் தூக்கும். சைக்கிளில் செல்பவருக்கு இதன் பலன் தெளிவானது: பல கிலோமீட்டர் மட்டமான தரை, பிறகு லாக்கை ஒட்டிச் சில அடி ஏற்றம், மீண்டும் மட்டம். மொத்த ஏற்றத்தைத் தொலைவால் வகுத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 62 சென்டிமீட்டர்தான்.

குறுக்கே வந்த ஓடைகளையும் துணையாறுகளையும் கடக்க, கால்வாயையே சுமந்து செல்லும் 11 தொட்டிப்பாலங்கள் கட்டப்பட்டன. இவற்றில் பெரியது ஏழு வளைவுகள் கொண்ட மொனாகசி தொட்டிப்பாலம், 1833இல் முடிந்தது. போட்டோமாக் ஆறு பாம்பாக நெளியும் ‘பா பா’ என்ற இடத்து வளைவுகளில் கரை அமைக்க இடமில்லாததால் மலையைக் குடைந்து 950 மீட்டர் சுரங்கம் போட்டார்கள். 1836இல் தொடங்கிய அந்த வேலை 1850 வரை இழுத்தது. உள்ளே விளக்கு கிடையாது, பாதையும் ஒடுக்கம். கைவிளக்குடன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதே வழக்கம்.

நெடுஞ்சாலையாகாமல் தப்பியது

1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து முடிந்தது. 1938இல் மத்திய அரசு கால்வாயை விலைக்கு வாங்கியது. 1950களில் அதன் வழியே வாகனச் சாலை அமைக்கும் யோசனை வலுத்தது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. அந்த யோசனையை எதிர்த்த உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ், கால்வாய்க்கரை முழுவதையும் தன்னுடன் நடந்து பார்த்துவிட்டு எழுதும்படி அந்த ஆசிரியர்களுக்கு அழைப்பு விடுத்தார். 1954 மார்ச்சில் அந்த நடைபயணம் நடந்தது. பயணத்தின் முடிவில் நாளிதழ் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1961இல் தேசிய நினைவுச் சின்னமாகவும், 1971இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாகவும் கால்வாய் அறிவிக்கப்பட்டது.

ரயில் விட்டுச்சென்ற சரிவு

கம்பர்லாண்டுக்கு மேற்கே கால்வாய் செல்லாத தொலைவைக் கைவிடப்பட்ட ரயில்தடம் நிறைவு செய்கிறது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. அதனால் சரக்கு ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, பாலமும் சுரங்கமும் அமைத்துச் சரிவை 2 சதவீதத்துக்குள் வைத்தார்கள். வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வேயின் அந்தத் தடமும், பிட்ஸ்பர்க் பக்கத்து வேறு தடங்களும் 1980களிலிருந்து துண்டு துண்டாகப் பாதையாக மாறின. முழுப் பாதையும் 2013இல் நிறைவடைந்தது.

கம்பர்லாண்டிலிருந்து மேற்கே சுமார் 38 கிலோமீட்டரில் 729 மீட்டர் உயரத்தில் கிழக்கு நீர்ப்பிரிமேடு இருக்கிறது. அதன் கிழக்கே பெய்யும் மழை போட்டோமாக் வழியாகச் செசபீக் விரிகுடாவுக்கும், மேற்கே பெய்வது ஒகையோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகிறது. அருகிலுள்ள பிக் சாவேஜ் சுரங்கம் 1,004 மீட்டர் நீளம். உள்ளே கசியும் நீர் உறைந்து சுவரைப் பிளந்துவிடாதபடி குளிர்காலத்தில் இரு வாயில்களையும் கதவிட்டு அடைத்துவிடுவார்கள். மேட்டைத் தாண்டியபின் காசல்மேன், யாக்கியோகெனி, மொனோங்கஹேலா ஆறுகளை ஒட்டிப் பாதை மெல்ல இறங்குகிறது. பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்புவோருக்கு ஏற்றம் 200 கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடப்பதால் ஏறுவதே தெரியாது. கம்பர்லாண்டிலிருந்து கிளம்புவோர் அந்த மேட்டை 38 கிலோமீட்டரிலேயே ஏறியாக வேண்டும்.

சரளை எப்படி இறுகுகிறது

சரளைப் பாதையின் தரத்தைக் கல்லின் வடிவம் தீர்மானிக்கிறது. ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல் வழுவழுப்பானது. சக்கரம் ஏறினால் ஒன்றன்மேல் ஒன்று புரளும். கிரஷரில் உடைத்த ஜல்லிக்கு முனைகள் உண்டு; ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதோடு கல்தூளும் சேர்ந்தால் இடுக்குகள் நிரம்பும். ஈரம் காட்டி ரோலர் ஓட்டினால் மேற்பரப்பு கெட்டியாகிவிடும். கிரேட் அலெகெனி பாதையில் பரப்பியிருப்பது இப்படி நொறுக்கிய சுண்ணாம்புக்கல். மழை பெய்தாலும் நீர் விரைவில் வடியும்.

கால்வாய்க் கரையின் கதை வேறு. அதன் அடிப்படை மண்ணும் களிமண்ணும். பல இடங்களில் ஜல்லித்தூள் பரப்பிச் சீரமைத்திருந்தாலும், மற்ற இடங்களில் இரண்டு நாள் மழைக்குச் சேறாகும். மரவேர்களும் குழிகளும் உண்டு. ஒரே பயணத்தில் இரண்டு வகைத் தரையையும் சமாளிக்க வேண்டியிருப்பதால்தான் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவைப்படுகிறது.

கிராவல் சைக்கிள்

பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடியையும் மலை சைக்கிளின் பருத்த டயரையும் இணைத்தது கிராவல் சைக்கிள். டயர் அகலம் பொதுவாக 35 முதல் 50 மில்லிமீட்டர். தமிழ்நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய 28 அங்குலச் சைக்கிளின் டயரும் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர் அகலம்தான். மண்சாலைக்கு அந்த அளவே தோது.

காற்றை இறுக்கி அடித்தால் வேகம் கூடும் என்பது வழவழப்பான தார்ச்சாலைக்கே பொருந்தும். கரடான தரையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறும். சைக்கிளையும் ஆளையும் மேலே தூக்குவதில் மிதித்த சக்தி வீணாகும். காற்றைக் குறைத்தால் டயர் கல்லைத் தனக்குள் அமுக்கிக்கொண்டு மேலே ஏறாமல் உருளும். ஆகவே 40 மில்லிமீட்டர் டயருக்கு, ஆளின் எடையையும் சுமையையும் பொறுத்து, 30 முதல் 45 பிஎஸ்ஐ வரை போதும். பல சைக்கிள்களில் டியூப் இருக்காது. டயருக்குள் ஊற்றிய திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். சேற்றில் விளிம்பைப் பிடிக்கும் பிரேக் வழுக்குவதால் டிஸ்க் பிரேக் பொருத்தப்படுகிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே தொலைவு அதிகம் என்பதால் சைக்கிள் அலையாது.

பந்தயங்களும் இவ்வகைச் சைக்கிளைப் பரப்பின. கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 2006 முதல் நடக்கும் பந்தயம் புகழ்பெற்றது. உலக அளவிலான முதல் கிராவல் சாம்பியன் போட்டி 2022இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் நடந்தது. ஆனால் கால்வாய்க்கரைப் பயணத்துக்குப் பந்தய சைக்கிள் தேவையில்லை. அகலமான டயரும் சுமை தாங்கும் கேரியரும் உள்ள எந்தச் சைக்கிளும் போதும்.

ஊர், தண்ணீர், பருவம்

ஊர்கள் லாக்குகளையும் படகுத்துறைகளையும் ஆலைகளையும் சுற்றி வளர்ந்தவை. பிரன்ஸ்விக், வில்லியம்ஸ்போர்ட், ஹான்காக் ஆகியவை கரையிலேயே உள்ளன. ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்கும் ஷெப்பர்ட்ஸ்டவுனுக்கும் பாலம் வழியாக ஆற்றைக் கடக்க வேண்டும். மேற்கே கன்ஃப்ளூயன்ஸ் என்ற சிற்றூரில் மூன்று நீரோட்டங்கள் கூடுகின்றன. ஹான்காக்குக்கும் பா பா ஊருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டருக்குக் கடைகள் மிக அரிது. அந்த ஒரு நாளுக்கான உணவைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

கால்வாய்க்கரையில் சில மைல்களுக்கு ஒரு முகாமிடம் உண்டு. கட்டணம் இல்லை, கைப்பம்பு, மேசை, கழிப்பிடம் இருக்கும். குளிர்காலத்தில் பம்புகளை நிறுத்திவிடுவார்கள். பழைய லாக் காவலர் வீடுகள் சிலவற்றிலும் வாடகைக்குத் தங்கலாம். கரையில் வேக வரம்பு மணிக்கு 24 கிலோமீட்டர். நடப்போருக்கு வழிவிட வேண்டும். சைக்கிளில் மணி கட்டாயம்.

மட்டமான பாதைக்கும் தனிக் களைப்பு உண்டு. இறக்கம் இல்லாததால் கால்களை ஓயவிட முடியாது. நாள் முழுவதும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உட்காரும் நிலை மாறாததால் இடுப்பும் கைகளும் மரத்துப்போகும். நாளுக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் என்று பிரித்துக்கொண்டால் ஏழு முதல் ஒன்பது நாள்களில் முழுத் தொலைவும் முடியும். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. கோடையில் வெக்கையும் கொசுவும், வசந்தத்தின் தொடக்கத்தில் வெள்ளமும் தொல்லை. 1972, 1996 ஆண்டுகளின் வெள்ளங்கள் கரையைப் பல இடங்களில் அரித்துச் சென்றன. கால்வாயை மூடவைத்த அதே ஆறு இன்றும் கரையை உடைப்பதால், கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்தின் மூடல் அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்வது அவசியம்.