எத்தனை வாட்ஸ் வேணும்? ஆம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கடை வாசல்ல போய் நின்னாலும், ஆம்ப்ளிஃபையர் பற்றி முதலில் காதில் விழுறது ஒரு எண்தான். "இது 200 வாட்ஸ் தம்பி", "அது 500 வாட்ஸ்", "இந்த ஹோம் தியேட்டர் 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ". நாமளும் இன்ஜினியரிங் படிக்கிறோம். ஓம் விதி ஸ்கூல்லயே படிச்சாச்சு. ஆனா கடைக்காரர் எண்ணைச் சொன்னதும் அதெல்லாம் மறந்துபோய், கையில இருக்கிற காசுக்கு எது பெரிய எண்ணோ அதை வாங்கிட்டு வந்துடறோம்.

ஹாஸ்டல் ரூமிலோ வீட்டு ஹாலிலோ நல்லா பாட்டுக் கேட்கணும்னு மாசக்கணக்கில் பணம் சேர்த்து வெச்சிருக்கிறவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. எந்த பிராண்ட் வாங்கணும்னு இதில் சொல்லப்போறதில்லை. கடையில் சொல்ற எண்ணை நீங்களே சரிபார்க்கிற கணக்கைத்தான் பார்க்கப் போறோம்.

ஆம்ப் உண்மையில் என்ன செய்யுது?

ஆம்ப் சிக்னலைப் பெரிசாக்குதுன்னு சொல்றோம். உள்ளே நடக்கிறது கொஞ்சம் வேற. ஃபோனிலிருந்து வர்ற சிக்னல் ஒரு வோல்ட் அளவுக்குத்தான் இருக்கும். ஸ்பீக்கரை அசைக்க அதைவிடப் பல மடங்கு வோல்டேஜும் கரண்டும் வேணும். அந்தக் கரண்ட் சிக்னலிலிருந்து வர்றதில்லை, பவர் சப்ளையிலிருந்து வருது. தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுற மாதிரி, சிக்னல் சொல்றபடி சப்ளையின் மின்சாரத்தை ஸ்பீக்கருக்கு விடுறதுதான் ஆம்பின் வேலை.

அப்படின்னா டேங்கில் இருக்கிறதைவிட அதிகத் தண்ணீர் குழாயில் வராது. இந்த ஒரு வரியை வெச்சே பாதி விளம்பரங்களை உடைச்சுப் பார்க்கலாம்.

லேபிளை விடுங்க, சப்ளையைப் பாருங்க

இப்போ ஆன்லைன்ல ரொம்பப் பிரபலமா இருக்கிறது டி.பி.ஏ.3116 சிப் வெச்ச குட்டி கிளாஸ் டி போர்டு. "50 + 50 வாட்ஸ்"னு போட்டிருக்கும். அது பொய் இல்லை. சிப்பின் டேட்டாஷீட்டிலேயே அந்த எண் இருக்கு. ஆனா எந்த நிலைமையில்? 21 வோல்ட் சப்ளை, 4 ஓம் ஸ்பீக்கர், 10 சதவீத டிஸ்டார்ஷன். 10 சதவீதம்னா காதுக்கு நல்லாவே தெரியற கரகரப்பு.

நாம என்ன செய்யறோம்? வீட்டில் கிடக்கிற ஏதோ ஒரு ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரை மாட்டி, 8 ஓம் ஸ்பீக்கரைச் சேர்க்கிறோம். இப்போ கணக்குப் போடுவோம். இந்த வகை போர்டில் அலையின் உச்சம் சப்ளை வோல்டேஜைத் தாண்டாது, அதாவது 12 வோல்ட். அதை 1.414-ஆல் வகுத்தா ஆர்.எம்.எஸ் மதிப்பு 8.5 வோல்ட். பவர் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம். 8.5 × 8.5 ÷ 8 = 9 வாட். அவ்வளவுதான்! அதே போர்டுக்கு 24 வோல்ட் கொடுத்தா 36 வாட் வரை போகும். போர்டு மாறலை, சப்ளைதான் மாறியிருக்கு. அந்த அடாப்டர் 2 ஆம்பியர்னா அது தரக்கூடிய மொத்தமே 24 வாட். ரெண்டு சேனலுக்கும் சேர்த்துத்தான் அது.

ஊர்ப்பக்கம் அசெம்பிள் செட் போடுறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச 4440 ஐசியும் இப்படித்தான். டேட்டாஷீட்டின்படி 13.2 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, ஸ்டீரியோவா ஒரு சேனலுக்கு 6 வாட். பிரிட்ஜ் பண்ணினா மோனோவா 19 வாட். பெட்டியின் மேலே எத்தனை சைபர் எழுதினாலும் ஐசிக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு டி.டி.ஏ.2030 மாட்டுற செட்டிலும் டையோடு, ஐசி இழப்புகளைக் கழிச்சா 8 ஓமுக்குக் கிடைக்கிறது ஏறக்குறைய 10 வாட்.

பி.எம்.பி.ஓ என்கிற எண்ணுக்கு அளவீட்டு முறை எதுவுமே கிடையாது. எந்தக் கம்பெனியும் எந்த எண்ணையும் போட்டுக்கலாம். அதனால அதைப் படிக்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ்னு போட்டிருந்தா மூணு கேள்வி கேளுங்க: எத்தனை ஓமுக்கு? எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில்? எல்லா சேனலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதா? மூணுக்கும் பதில் எழுதியிருக்கிற கம்பெனியை ஓரளவு நம்பலாம்.

சரி, நமக்கு எவ்வளவு வேணும்?

இங்கேதான் டெசிபல் வருது. பவரை ரெண்டு மடங்காக்கினா சத்தம் கூடுறது 3 டெசிபல் மட்டும். காதுக்கு "ஆமா, கொஞ்சம் கூடியிருக்கு" அப்படின்னு தெரியும், அவ்வளவே. சத்தம் ரெண்டு மடங்கு ஆன மாதிரி தோணணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும், அதுக்குப் பவர் பத்து மடங்காகணும். அதனால 50 வாட் ஆம்புக்கும் 100 வாட் ஆம்புக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கலாம், காதில் கிடைக்கிற வித்தியாசம் அந்த 3 டெசிபல்தான்.

ஸ்பீக்கரின் பின்னாடியோ மேனுவல்லயோ சென்சிடிவிட்டினு ஒரு எண் இருக்கும். 87 டெசிபல்னா, ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கேட்கும்னு அர்த்தம். 10 வாட்டுக்கு 97, 100 வாட்டுக்கு 107. இப்போ ஒரு ஒப்பீடு பாருங்க. 90 டெசிபல் ஸ்பீக்கரோட 25 வாட் ஆம்ப் போட்டா அதிகபட்சம் 104 டெசிபல். 84 டெசிபல் ஸ்பீக்கரில் அதே 104 வரணும்னா 100 வாட் ஆம்ப் வேணும். அதாவது நல்ல சென்சிடிவிட்டி இருக்கிற ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தா ஆம்ப் செலவை அப்படியே குறைக்கலாம்.

அப்போ ரெண்டு வாட் போதுமான்னு கேட்டா, சும்மா கேட்கிறதுக்குப் போதும். ஆனா பாட்டு ஒரே அளவில் ஓடுறதில்லை. மிருதங்கத்தில் ஒரு அடி, தவிலில் ஒரு சொல், டிரம்ஸில் ஒரு கிக், இதெல்லாம் சராசரியைவிட 15 டெசிபல் மேலே துள்ளும். 15 டெசிபல்னா சுமார் 30 மடங்கு பவர். சராசரியா அரை வாட்டில் கேட்டுக்கிட்டு இருந்தாலும் அந்த ஒரு அடிக்கு 15 வாட் தேவைப்படும். ஆம்பில் மிச்சம் பவர் வேணும்னு சொல்றது இந்தத் துள்ளலுக்காகத்தான். ஒரு சாதாரண ரூமுக்கு, சுமாரான சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கரோட, சேனலுக்கு உண்மையான 20 முதல் 40 வாட் தாராளம். 1978-ல் வந்த நாட் 3020 என்ற ஆம்ப் உலகம் முழுக்க விற்றுப் புகழ் வாங்கினது. அதோட லேபிளில் இருந்த எண் வெறும் 20 வாட்.

நீங்களே அளந்து பாருங்க

நீங்க உண்மையில் எத்தனை வாட் பயன்படுத்துறீங்கன்னு தெரிஞ்சுக்க ஒரு மல்டிமீட்டர் போதும். நண்பர் ரூம்ல இருக்கிற ஆம்பை வெச்சுக்கூட இதைச் செய்யலாம்.

முதலில் 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை முழு அளவில் ஒரு ஃபைலா எடுத்துக்கோங்க. ஆடாசிட்டி மென்பொருளில் ஒரு நிமிஷத்தில் உருவாக்கலாம். ஆம்பில் பாஸ், ட்ரெபிள் ரெண்டையும் நடுவில் வைங்க. ஃபோனில் ஈக்வலைசரை அணைச்சுடுங்க. உங்களுக்குப் பிடிச்ச பாட்டைப் போட்டு, இதுக்கு மேல வேண்டாம்னு தோணுற அளவுக்கு வால்யூமை ஏத்துங்க. பாட்டை நிறுத்துங்க, வால்யூமைத் தொடாதீங்க. ஆம்பை ஆஃப் பண்ணி ஸ்பீக்கர் கம்பிகளைக் கழட்டுங்க. இதை மறந்துடாதீங்க, முழு அளவு சைன் அலை ஸ்பீக்கரையே கெடுத்துடும். மறுபடி ஆன் பண்ணி, சைன் அலையை ஓடவிட்டு, ஒரு சேனலின் ரெண்டு முனைகளுக்கு நடுவே ஏசி வோல்டேஜ் பாருங்க.

6 வோல்ட் வந்தா, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 36 ÷ 8 = 4.5 வாட். 12 வோல்ட் வந்தா 18 வாட். உச்சகட்டத் துள்ளலுக்கும் சேர்த்து உங்க தேவை அவ்வளவுதான். அதுக்கு மேல ரெண்டு மடங்கு மிச்சம் வெச்சு வாங்கினா கவலையே இல்லை. வால்வ் ஆம்பில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். ஸ்பீக்கர் இல்லாம ஓட்டினா அதோட அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடலாம்.

கிளாஸ் ஏபியா, கிளாஸ் டியா?

கிளாஸ் ஏபியில் ட்ரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் நிற்கும், அதனால சூடாகும். பெரிய ஹீட்சிங்க், கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அதுக்காகத்தான். கிளாஸ் டியில் ட்ரான்சிஸ்டர் முழுசா திறக்கும், இல்லைன்னா முழுசா மூடும். ஒரு வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை இப்படித் திறந்து மூடி, பல்ஸின் அகலத்தை மாத்தி, கடைசியில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் வெச்சு வடிகட்டினா பாட்டு வரும். 90 சதவீதம் வரை எஃபிஷியன்சி கிடைக்கும். டி என்றால் டிஜிட்டல் இல்லை, ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். நல்லா டிசைன் பண்ணின எதுவும் வீட்டுக்குப் போதும். ஹாஸ்டலுக்கு இடம், சூடு, விலை மூணையும் பார்த்தா கிளாஸ் டி வசதி.

ஓம் பொருத்தத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. ஆம்பில் "6 முதல் 16 ஓம்"னு போட்டிருந்தா 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டக்கூடாது. ரெண்டு 8 ஓம் ஸ்பீக்கரை பேரலலா போட்டா அதுவும் 4 ஓம்தான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

கம்பிக்கு ஆயிரக்கணக்கில் செலவு பண்ண வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, 5 மீட்டர் தூரத்துக்குப் போய் வர சுமார் 0.12 ஓம்தான். 8 ஓமுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற ட்வின் வயரே போதும்.

சிவப்பு, கறுப்பு மாறக்கூடாது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிட்டா ஒரு கோன் முன்னாடி வரும்போது இன்னொண்ணு பின்னாடி போகும், பாஸ் காணாமப் போயிடும். அடையாளம் தெரியாத பழைய ஸ்பீக்கர்னா 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்க. வூஃபரின் கோன் வெளியே தள்ளினா பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு. டி.பி.ஏ.3116 மாதிரி பிரிட்ஜ் அவுட்புட் உள்ள போர்டில் மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது. ரெண்டு ஸ்பீக்கரின் கறுப்புக் கம்பிகளையும் ஒண்ணா முறுக்கினா சிப் போயிடலாம்.

வால்யூம் குமிழ் பாதியில் இருந்தா பாதிப் பவர்னு நினைக்காதீங்க. ஃபோனிலிருந்து பெரிய சிக்னல் வந்தா, குமிழ் பாதிக்கு வரும்போதே ஆம்ப் எல்லையைத் தொட்டுடும். அதுக்கு மேல அலையின் தலை தட்டையாகும். இதுதான் கிளிப்பிங். பாஸ் அதே இடத்தில் முட்டி நிற்க, ட்ரெபிள் மட்டும் ஏறிக்கிட்டே போகும், ட்வீட்டரின் மெல்லிய காயில் எரியும். சின்ன ஆம்ப் ஸ்பீக்கரைக் கெடுக்காதுன்னு சொல்றது அதனால தப்பு. கரகரப்பு கேட்ட உடனே குறைச்சுடுங்க.

லேப்டாப்பைச் சார்ஜ் போட்டபடி பாட்டுப் போட்டா "ம்ம்ம்"னு ஒரு ஹம் வருதா? சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. நின்னுட்டா அது கிரவுண்ட் லூப். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பார்க்கலாம், ப்ளூடூத்தில் கேட்கலாம், இல்லைன்னா கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் வாங்கலாம். ஆனா ஆம்பின் மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே ஒரு கம்பி விலகினா மெட்டல் பெட்டி முழுக்க 230 வோல்ட் இருக்கும்.

பழைய ஜப்பான் ஆம்ப் மலிவா கிடைச்சா முதலில் பின்னாடி இருக்கிற வோல்டேஜைப் படிங்க. ஜப்பானில் விற்ற செட் 100 வோல்ட்டுக்கானது. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாம நம்ம பிளக்கில் மாட்டினா, முதல் நிமிஷத்திலேயே கதை முடிஞ்சுடும்.

காதுக்கு வாரன்டி கிடையாது

உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாதுகாப்பான அளவு, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் கேட்டா வாரத்துக்குச் சுமார் 4 மணி நேரம்தான். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க. 87 டெசிபல் ஸ்பீக்கரில் 2 வாட்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 90 டெசிபல் கொடுக்குது. நூறு வாட் ஆம்ப் இருந்தாலும் அதை முழுசா பயன்படுத்த நம்ம காது அனுமதிக்காது.

அதனால கையில இருக்கிற பணத்தில் பெரிய பங்கை ஸ்பீக்கருக்கும், அடுத்த பங்கை அளவுக்கு ஏத்த, நல்ல சப்ளையோட வர்ற ஆம்புக்கும் போடுங்க. கம்பிக்குச் சில்லறை போதும். கடையில் ரெண்டு ஆம்பை ஒப்பிட்டுக் கேட்டா, ரெண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்கான்னு பார்த்துக்கோங்க, கொஞ்சம் சத்தமா ஓடுறது எப்பவுமே நல்லா இருக்கிற மாதிரிதான் தோணும்.

வாங்குறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் சோதனையை ஒரு தடவை செஞ்சுடுங்க. உங்க மீட்டரில் எத்தனை வோல்ட் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழில் ரூம் வாரியா ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்போம்.